கொத்தாக வரும் எண்ணிக்கைத் தரவு: ரிக்ரெஷன் எங்கே சறுக்குகிறது, எப்படிச் சரிசெய்வது

ஒரே மருத்துவமனையின் பல நோயாளிகள், ஒரே பள்ளியின் பல வகுப்புகள், ஒரே இயந்திரத்தின் பல மாதங்கள் என்று தரவு கொத்தாக வந்து, அளக்கப்படுவதும் 0, 1, 2, 3 என்ற எண்ணிக்கையாக இருந்தால் இரண்டு சிக்கல்கள் சேர்ந்தே வரும். சராசரி உயர உயர மாறுபாடும் உயரும். ஒரே கொத்தின் வரிகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். ஒரு விளைவு எந்தக் காரணிகளோடு எவ்வளவு மாறுகிறது என்று கெழுக்களாக மதிப்பிடும் ரிக்ரெஷன் மாடல் இங்கேதான் சறுக்குகிறது. இவற்றோடு மென்பொருளின் கணக்கீட்டுச் சிக்கல்களும் சேர்ந்துகொள்ளும்.

சிவப்பு எழுத்தில் வரும் பிழைகளைத் தேடிச் சரிசெய்துவிடலாம். மென்பொருள் எதுவும் சொல்லாமல் தவறான விடையைத் தருவதுதான் ஆபத்து, ஏனென்றால் அது அப்படியே அறிக்கைக்குப் போய்விடுகிறது. அதனால் இங்கே சத்தமில்லாத கோளாறுகள் முதலில் வருகின்றன.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் மூன்று எண்களைப் பாருங்கள்: மாடல் எடுத்துக்கொண்ட வரிகள் எத்தனை, கொத்துகள் எத்தனை, எண்ணிக்கையின் மொத்தம் எவ்வளவு. விடுபட்ட மதிப்புள்ள வரிகளைப் பெரும்பாலான மென்பொருள்கள் ஓசையில்லாமல் நீக்கிவிடும். 40 மருத்துவமனைகள் இருக்க வேண்டிய இடத்தில் 37 என்றோ 412 என்றோ வந்தால் மேற்கொண்டு எதையும் படிக்க வேண்டாம், தரவுக்குத் திரும்புங்கள். இன்டர்செப்ட் (எல்லாக் காரணிகளும் 0 ஆகும்போதுள்ள அடிப்படை மதிப்பு) உள்ள சாதாரண பாய்சான் மாடலை (எண்ணிக்கைத் தரவுக்கான அடிப்படை மாடல்; மாறுபாடு சராசரிக்குச் சமம் என்று எடுத்துக்கொள்வது) லாக் இணைப்போடு (சராசரியின் மடக்கையைக் காரணிகளோடு இணைப்பது) ஓட்டினால், கணித்த மதிப்புகளின் கூட்டுத்தொகை உண்மையான கூட்டுத்தொகைக்குச் சமமாக வந்தே தீரும். வரவில்லை என்றால் ஆஃப்செட்டிலோ (கெழு 1 என்று நிலையாக வைத்துச் சேர்க்கும் அளவு) வெயிட்டிலோ வரிகளை இணைத்த விதத்திலோ தவறு இருக்கிறது.

அறிகுறி: திட்டப் பிழை நம்ப முடியாத அளவுக்குச் சிறியது, எல்லாமே முக்கியத்துவம் பெறுகிறது

திட்டப் பிழை என்பது கெழு மதிப்பீட்டின் நிச்சயமின்மை. அது பொய்யாகச் சுருங்க, கொத்தைக் கணக்கில் எடுக்காததுதான் வழக்கமான காரணம். கொத்துக்கு 20 வரிகள், கொத்துக்குள் ஒப்புமை (வரிகளுக்கிடையிலான கோரிலேஷன்) 0.05 என்று வைத்துக்கொள்ளுங்கள். கொத்து மட்டத்தில் மாறும் காரணிக்கு மாறுபாடு 1 + 19 × 0.05 = 1.95 மடங்கு பெருக வேண்டும். திட்டப் பிழை சுமார் 1.4 மடங்கு. 0.05 என்பது பார்வைக்கு ஒன்றுமில்லாத எண், ஆனால் கொத்து பெரிதானால் அது மாடலையே புரட்டிவிடும். கொத்துக்குள்ளேயே மாறும் காரணிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே கொத்தைச் சேர்த்தபின் திட்டப் பிழை குறையவும் செய்யலாம். அதைக் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள்.

கொத்தைச் சேர்த்த பிறகும் சிறியதாகவே இருந்தால் மூன்று இடங்களில் தேடலாம்.

முதலாவது, அடையாள எண். ஒவ்வொரு மருத்துவமனையிலும் வார்டுகளுக்கு 1, 2, 3 என்றே எண் இட்டிருந்தால், ஆர் என்ற புள்ளியியல் மொழியில் மருத்துவமனைக்கு ஒன்று, வார்டுக்கு ஒன்று எனத் தனித்தனி ரேண்டம் இன்டர்செப்ட் (கொத்துக்குக் கொத்து தற்செயலாக மாறும் அடிப்படை மதிப்பு) எழுதும்போது எல்லா மருத்துவமனைகளின் 1ஆம் வார்டும் ஒரே வார்டாகிவிடும். சாய்கோடு போட்டு, மருத்துவமனைக்குள் வார்டு என்று எழுதுங்கள். அதைவிட நல்லது, இரண்டையும் ஒட்டித் தனித்துவமான அடையாளம் ஒன்றைத் தரவிலேயே உருவாக்கிவிடுவது. மென்பொருள் மாறினாலும் அது உடையாது.

இரண்டாவது, வரிசை. ஜிஇஇ முறைக்கு (கொத்துக்குள் ஒப்புமையைக் கணக்கில் எடுத்து, எல்லாக் கொத்துகளுக்கும் சேர்ந்த சராசரி விளைவை மதிப்பிடும் முறை) ஆரின் ஜீபேக் தொகுப்பைப் பயன்படுத்தினால், ஒரே கொத்தின் வரிகள் அடுத்தடுத்து இருக்க வேண்டும். அடையாள எண் மாறும் இடத்திலெல்லாம் புதிய கொத்து தொடங்கியதாக அது எடுத்துக்கொள்ளும். தேதி வாரியாக அடுக்கிய தரவைக் கொடுத்தால் 40 கொத்து 412 ஆவது இப்படித்தான். எச்சரிக்கை எதுவும் வராது. மாடலுக்கு முன் கொத்து வாரியாகவும், கொத்துக்குள் கால வாரியாகவும் அடுக்குங்கள். தொடர் ஒப்புமை (பக்கத்துக் காலங்கள் அதிகம் ஒத்திருக்கும் என்ற அமைப்பு) வைத்து, இடையில் சில காலங்கள் விடுபட்டிருந்தால் காலத்தின் வரிசை எண்ணைச் சொல்லும் வேவ்ஸ் என்ற உள்ளீட்டையும் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் 1ஆம் மாதமும் 4ஆம் மாதமும் பக்கத்துப் பக்கத்து மாதங்களாகிவிடும்.

மூன்றாவது, கொத்துகளின் எண்ணிக்கையே குறைவு. சாண்ட்விச் திட்டப் பிழை (ஜிஇஇ தருவது; கொத்துகளில் உண்மையில் காணும் ஏற்ற இறக்கத்திலிருந்து கணக்கிடுவது) கொத்துகள் ஏராளமாக இருக்கும்போதுதான் சரியாக வேலை செய்யும். சுமார் 40க்குக் கீழே இறங்கினால் அது கீழ்நோக்கிச் சாய்கிறது. 10, 12 கொத்துகளில் சாய்வு கண்கூடாகத் தெரியும். வரிகள் ஒரு லட்சம் இருந்தாலும் இது மாறாது. இந்தச் சாய்வைக் குறைக்கும் மேன்க்ல்–டெரூவன் திருத்தம், காவர்மன்–கரோல் திருத்தம் இரண்டும் 2001 முதல் இருக்கின்றன. சாஸ் மென்பொருளின் கிளிம்மிக்ஸ் கட்டளையில் எம்பிரிக்கல் விருப்பத்தில் ஃபைரோரெஸ் என்பது முன்னது, ரூட் என்பது பின்னது. திருத்தத்தோடு, இயல்நிலைப் பரவலுக்குப் பதிலாக டி பரவலையும் எடுத்துக்கொள்ளுங்கள். டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடத்தை (மதிப்பீட்டுக்குப் பின் மிஞ்சும் சுதந்திரமான தகவல்களின் எண்ணிக்கை) வரிகளிலிருந்து அல்லாமல் கொத்துகளிலிருந்து கணக்கிட வேண்டும். கொத்துகள் ஐந்துக்கும் குறைவென்றால் ரேண்டம் எஃபெக்டின் (ரேண்டம் இன்டர்செப்ட் போன்ற கொத்து விளைவின்) மாறுபாட்டை மதிப்பிடுவது வெறும் ஊகம். கொத்தையே காரணியாகச் சேர்த்துவிடுங்கள். கொத்து மட்டக் காரணிகளைப் பற்றிச் சொல்ல ஆசைப்படாதீர்கள்.

எந்த மட்டத்தைக் கொத்தாக எடுப்பது என்று தயக்கம் வந்தால், சிகிச்சையோ திட்டமோ எந்த மட்டத்தில் ஒதுக்கப்பட்டது என்று கேளுங்கள். மருத்துவமனை வாரியாக ஒதுக்கிவிட்டு நோயாளி வாரியாகக் கொத்திடுவது பயனற்றது.

அறிகுறி: பியர்சன் விகிதம் 1ஐத் தாண்டி நிற்கிறது

பியர்சன் எச்சங்களின் (உண்மைக்கும் கணிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை மாடல் எதிர்பார்க்கும் திட்ட விலக்கத்தால் வகுத்தவை) வர்க்கங்களைக் கூட்டி, டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடத்தால் வகுத்தால் 1க்கு அருகில் வர வேண்டும். 1.1 என்றால் பெரும்பாலும் விட்டுவிடலாம். 2, 3 என்றால் மிகைப் பரவல், அதாவது மாடல் அனுமதிப்பதைவிட மாறுபாடு அதிகம். டீவியன்ஸை (மாடல் பொருந்தாமையின் இன்னொரு அளவு) வைத்து இதே கணக்கைப் போடாதீர்கள். சராசரி எண்ணிக்கை சிறியதாக இருக்கும்போது அது சரியான மாடலிலும் 1ஐ விட்டு வெகுதூரம் விலகும்.

மாறுபாடு சராசரியைத் தாண்ட அனுமதிக்கும் நெகட்டிவ் பைனாமியல் மாடலுக்கு உடனே ஓட வேண்டாம். விடுபட்ட காரணி, நேர்கோடாக வைத்த வளைவு, மறந்துபோன ஆஃப்செட், 3 என்பதற்குப் பதில் 300 என்று ஏறிய ஒரே ஒரு வரி, இவை எல்லாமே மிகைப் பரவலாகத்தான் தெரியும். ரேண்டம் இன்டர்செப்ட் சேர்த்த பிறகும் விகிதம் உயர்ந்தே இருக்கலாம். அது கொத்துகளுக்கு இடையிலான வேறுபாட்டை மட்டுமே உறிஞ்சும்; கொத்துக்குள் வரிக்கு வரி உள்ள மிகைப் பரவல் அப்படியே நிற்கும். இரண்டும் வெவ்வேறு நோய்கள். நெகட்டிவ் பைனாமியல், ரேண்டம் இன்டர்செப்ட் இரண்டையும் ஒரே மாடலில் வைப்பதில் தவறில்லை. பல நேரம் வைத்தே ஆக வேண்டும்.

நெகட்டிவ் பைனாமியலில் இரண்டு வகை. ஒன்றில் மாறுபாடு சராசரியின் நேர்மடங்கு. மற்றொன்றில் சராசரியோடு அதன் வர்க்கத்தின் ஒரு பங்கும் சேரும். ஆரின் ஜிஎல்எம்எம்-டிஎம்பி தொகுப்பில் என்பினாம்1, என்பினாம்2 என்று இரண்டும் உண்டு. எது என்று அறிய, கணித்த மதிப்புகளைப் பத்துப் பிரிவாக்கி ஒவ்வொன்றிலும் எச்ச வர்க்கங்களின் சராசரியை வரைந்து பாருங்கள். நேர்கோடா, மேல்நோக்கி வளைகிறதா என்று கண்ணுக்கே தெரியும்.

இன்னொரு வழி வரிக்கு ஒரு ரேண்டம் எஃபெக்ட் வைப்பது. அதை வைத்தபின் பியர்சன் விகிதம் 0.3, 0.4 என்று வந்தால் குறைப் பரவல் என்று முடிவு கட்டாதீர்கள். மிகைப் பரவல் எல்லாம் அந்த எஃபெக்டுக்குள் போய்விட்டதால் விகிதம் அங்கே பொருளிழந்துவிடுகிறது. உருவகப்படுத்திய எச்சங்களே (மாடலே உருவாக்கும் செயற்கைத் தரவோடு ஒப்பிட்டுக் கிடைப்பவை) நம்பகமானவை. ஆரின் தர்மா தொகுப்பு இதற்கென்றே இருக்கிறது.

அறிகுறி: நெகட்டிவ் பைனாமியல் ஓடுகிறது, ஆனால் நம்பிக்கை இடைவெளிகள் அபத்தமாக அகலம்

பரவல் அளவுரு (மிகைப் பரவலின் அளவைச் சொல்லும் எண், ஆல்ஃபா) மதிப்பிடப்பட்டதா, 1 என்று நிலையாக வைக்கப்பட்டதா என்று பாருங்கள். எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளின் ஜென்லின் மெனுவில் நெகட்டிவ் பைனாமியல் என்று நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் அது 1ஆகவே நிற்கும். கஸ்டம் பகுதிக்குப் போய், மதிப்பை மதிப்பிடு என்று சொல்ல வேண்டும். பைத்தானின் ஸ்டேட்ஸ்மாடல்ஸிலும் ஜிஎல்எம் வழியாகப் போனால் ஆல்ஃபா இயல்பாகவே 1. மதிப்பிட வேண்டுமென்றால் டிஸ்கிரீட் பிரிவில் உள்ள நெகட்டிவ் பைனாமியல் வகுப்பை எடுக்க வேண்டும். பட்டனை அழுத்தியதும் நோய் தீர்ந்ததாகத் தோன்றும் இடம் இது. உண்மையான ஆல்ஃபா 0.1 என்றால், சராசரிக்கு மேல் சேரும் மாறுபாட்டைப் பத்து மடங்காக்கியிருப்பீர்கள்.

இதோடு தொடர்புள்ள குழப்பம் ஒன்று: பரவல் அளவுருவாக ஆர் தரும் தீட்டாவும் ஸ்டேட்டா மென்பொருள் தரும் ஆல்ஃபாவும் ஒன்றுக்கொன்று தலைகீழ். தீட்டா 4 என்பதும் ஆல்ஃபா 0.25 என்பதும் ஒரே விடைதான்.

அறிகுறி: இன்டர்செப்ட் விசித்திரம், அல்லது முழு எண் அல்ல என்ற எச்சரிக்கை

எண்ணிக்கையைக் காலத்தாலோ மக்கள்தொகையாலோ வகுத்து, அந்த வீதத்தையே விளைவாகக் கொடுத்திருக்கிறீர்கள். வகுக்காமல் எண்ணிக்கையையே கொடுத்து, வகுக்கும் அளவின் மடக்கையை ஆஃப்செட்டாக வையுங்கள். இரண்டு நாளில் 1 நிகழ்வும், 200 நாளில் 100 நிகழ்வும் வீதத்தில் ஒன்றே, தகவலில் ஒன்றல்ல.

ஸ்டேட்டாவில் எக்ஸ்போஷர் என்ற விருப்பம் மடக்கையைத் தானே எடுத்துக்கொள்ளும். ஆஃப்செட் என்ற விருப்பம் எடுக்காது. ஆர், சாஸ் இரண்டிலும் மடக்கையை நீங்கள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். இருமுறை மடக்கை எடுத்தாலும், எடுக்கவே மறந்தாலும் மாடல் ஓடும். சோதனை எளிது: ஆஃப்செட்டை எடுத்துவிட்டு அதே மடக்கையைச் சாதாரணக் காரணியாகச் சேருங்கள். கெழு 1க்கு அருகில் வந்தால் சரி. 0.6 என்று உறுதியாக வந்தால், நிகழ்வுகள் அந்த அளவுக்கு விகிதமாக வளரவில்லை என்று பொருள். அப்போது அதைக் காரணியாகவே விட்டுவிடலாம்.

அளவு 0 உள்ள வரிகளுக்கு மடக்கை எதிர் முடிவிலி, மாடல் நின்றுவிடும். 0.5 கூட்டி ஒப்பேற்றாதீர்கள். கவனிக்கப்படாத வரியில் தகவல் ஏதும் இல்லை, நீக்கிவிடலாம். அளவு 0 இருக்கும் வரியில் எண்ணிக்கை மட்டும் 3 என்று இருந்தால் அது பதிவுப் பிழை, மூலத்தில் தேடுங்கள்.

அறிகுறி: ஒரே தரவு, இரண்டு மென்பொருள், இரண்டு விடை

பெரும்பாலும் இரண்டுமே சரி. கேட்ட கேள்விதான் வேறு. ஆரின் எல்எம்இ4 தொகுப்பில் உள்ள ஜிஎல்மர், ரேண்டம் எஃபெக்டைத் தொகையிட இயல்பாக லாப்லாஸ் தோராயம் (ஒரே புள்ளியில் கணக்கிடுவது) செய்கிறது. ஸ்டேட்டாவின் எம்இ-பாய்சான் அதற்குத் தகவமைப்புக் குவாட்ரேச்சரை (பல புள்ளிகளில் கணக்கிட்டுக் கூட்டுவது) 7 புள்ளிகளில் செய்கிறது. கொத்து சிறியதாக, எண்ணிக்கை 0, 1 என்று தாழ்வாக, கொத்து மாறுபாடு பெரியதாக இருந்தால் இரண்டும் பிரியும். ஒப்பிட வேண்டுமானால் ஸ்டேட்டாவையும் லாப்லாஸுக்கு மாற்றுங்கள். அல்லது ஆரில் புள்ளிகளின் எண்ணிக்கையான என்ஏஜிக்யூ மதிப்பை உயர்த்துங்கள். ஒரே ஒரு ரேண்டம் இன்டர்செப்ட் இருக்கும் மாடலில் மட்டும்தான் அது அனுமதிக்கும். பிறகு 7, 15, 25 என்று புள்ளிகளைக் கூட்டி, மூன்றாம் தசமம் அசையாத இடத்தில் நிறுத்துங்கள்.

ஸ்டேட்டாவுக்குள்ளேயே இரண்டு கட்டளைகள் முரண்படுவதும் உண்டு. எக்ஸ்டி-பாய்சான் கட்டளையின் இயல்பான ரேண்டம் எஃபெக்ட் காமா பரவல். நார்மல் என்று கேட்டால்தான் எம்இ-பாய்சானோடு ஒத்துவரும். எக்ஸ்டி-என்பிரெக் இன்னும் தள்ளி நிற்கிறது. அதில் கொத்து விளைவு சராசரியில் அல்லாமல் பரவல் அளவுருவில் உட்கார்ந்திருக்கிறது. 1984இல் ஹவுஸ்மன், ஹால், க்ரிலிகெஸ் முன்வைத்த வடிவம் அது. அதன் நிலை விளைவு வடிவத்தில் (கொத்துக்குள் மாறாத எல்லாவற்றையும் நீக்க வேண்டிய வடிவம்), கொத்துக்குள் மாறாத காரணிகளுக்கும் கெழு வரும். நிலை விளைவு என்ற பெயருக்கு அது பொருந்தாது. வழக்கமான ரேண்டம் இன்டர்செப்டோடு நெகட்டிவ் பைனாமியல் வேண்டுமென்றால் எம்இ-என்பிரெக். கொத்தின் கவனிக்கப்படாத பண்புகளை நீக்க வேண்டுமென்றால், நிலை விளைவுப் பாய்சானைக் கொத்துத் திட்டப் பிழையோடு ஓட்டுங்கள். சராசரியின் வடிவம் சரியாக இருந்தால் போதும், மிகைப் பரவல் இருந்தாலும் கெழு நிலைக்கும்.

நிலை விளைவில் வரிகள் காணாமல் போவதும் இயல்பே. எல்லா வரிகளும் 0 ஆன கொத்தும், ஒரே வரி உள்ள கொத்தும் எதையும் சொல்ல முடியாததால் நீக்கப்படுகின்றன.

அறிகுறி: மாடல் கணிக்கும் சராசரி உண்மையைவிடக் குறைவு

பலரை அலைக்கழிக்கும் அறிகுறி இது, ஆனால் பிழையே அல்ல. ரேண்டம் எஃபெக்டை 0 என்று வைத்துக் கணித்தால் கிடைப்பது நடுத்தரக் கொத்தின் மதிப்பு. எல்லாக் கொத்துகளின் சராசரி அல்ல. லாக் இணைப்பில், இயல்நிலை ரேண்டம் இன்டர்செப்டின் திட்ட விலக்கம் சிக்மா என்றால், மொத்தச் சராசரி அதைப்போல் e^(சிக்மா வர்க்கம்/2) மடங்கு. சிக்மா 0.5 என்றால் 1.13 மடங்கு, 1 என்றால் 1.65 மடங்கு, 1.5 என்றால் 3.08 மடங்கு. கணிப்பை அந்த எண்ணால் பெருக்குங்கள். அல்லது ரேண்டம் எஃபெக்டை உருவகப்படுத்திச் சராசரி எடுங்கள்.

ஜிஇஇ முடிவின் இன்டர்செப்ட் மிக்ஸ்டு மாடலின் (ரேண்டம் எஃபெக்ட் உள்ள மாடலின்) இன்டர்செப்டிலிருந்து விலகுவதும் இதனால்தான். பாய்சானில் ரேண்டம் இன்டர்செப்ட் மட்டும் இருந்து, அது காரணிகளோடு தொடர்பற்றதாகவும் இருந்தால் மற்ற கெழுக்கள் இரண்டிலும் ஒன்றே. ஆம்/இல்லை விளைவுக்கான லாஜிஸ்டிக் ரிக்ரெஷனில் இந்தச் சலுகை கிடையாது. கெழுக்களே கணிசமாகப் பிரிந்தால் கொத்தின் அளவோ கொத்தின் தன்மையோ காரணியோடு தொடர்புடையதாக இருக்கலாம். காரணியைக் கொத்துச் சராசரி, அதிலிருந்து விலகல் என்று இரண்டாகப் பிரித்துச் சேருங்கள். எந்தப் பகுதி இழுக்கிறது என்று தெரிந்துவிடும்.

அறிகுறி: பூஜ்ஜியங்கள் அதிகம்

60 சதவீதம் பூஜ்ஜியம் என்பதால் மட்டும் பூஜ்ஜியம் மிகுந்த மாடல் (பூஜ்ஜியங்களுக்குத் தனிப் பகுதி வைப்பது) தேவை என்றாகாது. சராசரி 2 உள்ள பாய்சானில் பூஜ்ஜியத்துக்கான வாய்ப்பு 0.135. அதே சராசரியில் தீட்டா 0.5 உள்ள நெகட்டிவ் பைனாமியலில் அது 0.447. பரவலைச் சரியாக வைத்தாலே பூஜ்ஜியங்கள் பெரும்பாலும் அடங்கிவிடும். நெகட்டிவ் பைனாமியலையும் கொத்தையும் வைத்தபின், மாடலிலிருந்து ஆயிரம் முறை தரவை உருவகப்படுத்தி, ஒவ்வொன்றிலும் பூஜ்ஜியங்களை எண்ணுங்கள். உண்மை எண்ணிக்கை அந்தக் குவியலுக்கு வெளியே விழுந்தால் மட்டும் அடுத்த படி. அப்போதும், ஒருபோதும் நிகழ்வே நேராத பிரிவு ஒன்று தரவில் இருக்க முடியுமா என்று துறை அறிவோடு கேட்டுவிட்டுப் போங்கள்.

அறிகுறி: சிவப்பு எழுத்துகள்

கன்வெர்ஜ் ஆகவில்லை (தேடல் ஒரு விடையில் நிலைக்கவில்லை) என்று ஜிஎல்மர் சொல்லி, கிரேடியன்ட் 0.002 என்ற எல்லையைத் தாண்டிவிட்டது என்று எண்ணும் காட்டினால், முதல் வேலை தொடர் காரணிகளிலிருந்து சராசரியைக் கழித்துத் திட்ட விலக்கத்தால் வகுப்பது. ஆண்டை 2015, 2016 என்றே கொடுப்பது மிகச் சாதாரணமான காரணம். அடுத்து ஆப்டிமைசரை (சிறந்த மதிப்பைத் தேடும் நிரலை) பாபிகாவுக்கு மாற்றி, சுற்றுகளின் உச்சத்தை 1,00,000 ஆக்குங்கள். பிறகு ஆல்ஃபிட் கட்டளையால் எல்லா ஆப்டிமைசர்களையும் ஓட்டி, லைக்லிஹுட்டையும் (மாடல் தரவுக்குப் பொருந்தும் அளவு) கெழுக்களையும் ஒப்பிடுங்கள். எல்லாம் ஒரே இடத்தில் வந்து நின்றால் எச்சரிக்கையைப் பொருட்படுத்த வேண்டாம். பிரிந்தால் மாடல் தரவுக்கு மிஞ்சியது.

சிங்குலர் ஃபிட் வேறு செய்தி: ஏதோ ஒரு ரேண்டம் மாறுபாடு 0, அல்லது இரண்டுக்கிடையே ஒப்புமை 1 அல்லது −1. ரேண்டம் சரிவுகளை (கொத்துக்குக் கொத்து மாறும் கெழுக்களை) ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். முதலில் ஒப்புமையை, பிறகு சரிவை. ஆப்டிமைசரை மாற்றுவது இங்கே உதவாது.

ஜிஎல்எம்எம்-டிஎம்பி ஹெஸியன் (லைக்லிஹுட்டின் வளைவைச் சொல்லும் அணி) பற்றிப் புலம்பினால் பரவல் அளவுருவைப் பாருங்கள். தீட்டா லட்சக்கணக்கில் போயிருந்தால் மிகைப் பரவலே இல்லை, பாய்சான் போதும். டயக்னோஸ் என்ற கட்டளை எந்த அளவுரு ஓடிப்போனது என்று சுட்டிக்காட்டும். ஜிஎல்மரில் பிர்ல்ஸ் படி தோற்றது என்று வந்தால் என்ஏஜிக்யூவை 0 ஆக்கி ஒருமுறை ஓட்டி, கிடைத்த மதிப்புகளைத் தொடக்கமாகக் கொடுங்கள்.

ஸ்டேட்டாவில் நாட் கான்கேவ் என்று நாலைந்து சுற்றுகள் வந்து பிறகு மறைந்தால் கவலை இல்லை. கடைசிச் சுற்றிலும் நின்றால் விடையை ஏற்காதீர்கள். டிஃபிகல்ட் விருப்பத்தைச் சேர்த்து, ரேண்டம் எஃபெக்ட் ஒன்றிலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் கட்டுங்கள்.

அறிகுறி: ஒரு கெழு −18, அதன் திட்டப் பிழை 3,000

அந்தப் பிரிவில் எல்லா எண்ணிக்கையும் 0. லைக்லிஹுட் தேடிப்போகும் மதிப்பு எதிர் முடிவிலி. மென்பொருள் களைத்துப்போன இடம்தான் −18. ஒரு காரணி விளைவை முழுதாகப் பிரித்துவிடும் இந்தச் சிக்கல் லாஜிஸ்டிக்கில் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள், பாய்சானிலும் உண்டு. பிரிவு வாரியாக மொத்தத்தை ஒரு அட்டவணையில் போட்டால் தெரியும். பொருளுள்ள பக்கத்துப் பிரிவோடு சேர்க்கலாம், அல்லது கெழுக்களுக்கு மிதமான முன்பரவல் (தரவைப் பார்க்கும் முன்பே வைக்கும் எதிர்பார்ப்பு) வைத்து பேயஸ் முறையில் ஓட்டலாம். மற்ற கெழுக்கள் கெடுவதில்லை என்பதால், அந்தப் பிரிவில் நிகழ்வே இல்லை என்று எழுதிவிட்டு மேலே போவதும் நேர்மையான வழியே.

அறிகுறி: மாடல்களை ஒப்பிட்டால் ஏஐசி அர்த்தமில்லாமல் குதிக்கிறது

ஏஐசி என்பது மாடல்களை ஒப்பிடும் மதிப்பெண், குறைவாக இருந்தால் நல்லது. இரண்டு மாடல்களிலும் வரிகள் ஒன்றேதானா என்று முதலில் பாருங்கள். கிளிம்மிக்ஸ் இயல்பாகப் போலி லைக்லிஹுட் செய்கிறது. அதன் எண்ணை மாடலுக்கு மாடல் ஒப்பிடக் கூடாது, மெத்தட் விருப்பத்தில் லாப்லாஸோ குவாட்ரேச்சரோ கேளுங்கள். குவாசி-பாய்சானுக்கு (மாறுபாட்டை மட்டும் பெருக்கிக்கொள்ளும் பாய்சான்) ஏஐசி கிடையாது; ஜிஇஇக்கு அதற்கு இணையான க்யூஐசி. கொத்துத் திட்டப் பிழை கேட்ட மாடல்களுக்கு லைக்லிஹுட் விகிதச் சோதனை செல்லாது, கெழுவைத் திட்டப் பிழையோடு ஒப்பிடும் வால்ட் சோதனையே வழி. கொத்து மாறுபாடு 0தானா என்று சோதிக்கும்போது, 0 என்பது எல்லையில் இருப்பதால் கை வர்க்கத்தின் பி மதிப்பைப் பாதியாக்க வேண்டும். ஸ்டேட்டா கைபார் என்று எழுதி அதைத் தானே செய்துவிடுகிறது. ஆரில் அனோவா செய்யாது, நீங்கள்தான் இரண்டால் வகுக்க வேண்டும்.